கெனாஃப்–பாலிபுரொப்பிலீன் கலவை: டிஜிஏ-வில் (சூடேற்றியபடி எடை குறைவதை அளக்கும் சோதனை) 5% இழப்பு வெப்பநிலை நாளுக்கு நாள் மாறுகிறது

கேள்வி (பினாங்கு): வணக்கம். 30% கெனாஃப் (சணல் போன்ற செடி) நார், மீதி பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மி.லி., சூடேற்றம் நிமிடத்துக்கு 10 டிகிரி, அலுமினா கிண்ணம், 6 மி.கி. துண்டு. 5% எடை குறையும் வெப்பநிலை நேற்று 264, இன்று 287. இரண்டு துண்டும் ஒரே தகட்டில் வெட்டியவைதான். கருவியின் வெப்பநிலையைச் சரிபார்க்கும் நிக்கல் கியூரி புள்ளி (நிக்கல் காந்தத்தன்மை இழக்கும் வெப்பநிலை) சரியாகவே வருகிறது. 600 டிகிரிக்கு மேலும் எடை இறங்கிக்கொண்டே போகிறது.

பதில்: 120 டிகிரிக்குள் எவ்வளவு இறங்கியது?

கேட்டவர்: நேற்று 2.4%. இன்று 0.7%.

பதில்: அப்படியானால் நேற்றைய 5%-இல் பாதி வெறும் தண்ணீர். நார் சிதைந்தது 2.6 தான். நம் ஊர் ஈரத்தில், உலர்த்திய துண்டுகூட ஆட்டோசாம்ப்ளர் (துண்டுகளை வரிசையாகத் தானே ஏற்றும் பகுதி) தட்டில் மூடியில்லாமல் காத்திருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 110 டிகிரியில் 15 நிமிடம் நிறுத்தி, அங்குள்ள எடையை 100% என்று வைத்து, அதன்பிறகு ஏற்றுங்கள். அறிக்கையில் 'உலர் எடை அடிப்படையில்' என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

இன்னொருவர்: ஈரம் மட்டும்தானா என்று டிடிஜி (எடை குறையும் வேகம்) வளைகோட்டையும் பாருங்கள். 350 பக்கம் நாரின் செல்லுலோஸ் முகடு, 450 பக்கம் பாலிபுரொப்பிலீன் முகடு. இரண்டின் விகிதம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் 6 மி.கி. துண்டில் நார் கூடக்குறைய மாட்டுகிறது என்று அர்த்தம். தகட்டின் ஐந்து இடங்களில் வெட்டி, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அரைத்துக் கலந்து, மூன்று முறை ஓட்டுங்கள். அரைத்த குப்பியை உடனே திறக்க வேண்டாம்! அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் தூள்மேல் பனியாய்ப் படிந்து, பழைய கதைதான்.

600-க்கு மேல் இறங்குவதற்கு: கால்சியம் கார்பனேட் நிரப்பி சேர்த்தீர்களா? அது 650–800-இல் கரியமில வாயுவை விடும்.

கேட்டவர்: நிரப்பி எதுவும் இல்லை.

பதில்: அப்படியானால் காற்று உள்ளே போகிறது, மிஞ்சிய கரி எரிகிறது. சரிபார்ப்புக்குக் கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் ஒரு முறை ஓட்டுங்கள். எடை குறையும் படிகள் 12.3, 19.2, 30.1%. கருவியில் டிடிஏ (வெப்பம் உறிஞ்சுவதையும் உமிழ்வதையும் காட்டும் அளவீடு) இருந்தால் இரண்டாம் படியைக் கவனியுங்கள்: சுத்த நைட்ரஜனில் வெப்பம் உறிஞ்சும்; வெப்பம் உமிழ்ந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. உலை மூடியின் ஓ-ரிங்கை (காற்று புகாமல் அடைக்கும் வளையம்) கழற்றிப் பாருங்கள். துண்டை வைத்த பிறகு 30 நிமிடம் வாயு ஓடட்டும், 5 நிமிடம் போதாது.

கேட்டவர்: ஓ-ரிங்கில் மயிரிழை விரிசல், மாற்றியாச்சு. 110 நிறுத்தத்தோடு மூன்று ஓட்டம்: 289, 290, 288. 600-க்குப் பிறகு கோடு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. நன்றி.