முதல் வேட்டையில் செய்த தவறைச் சொல்லுங்கள்

புதிதாக வேட்டைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்குவது?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் என் முதல் மானை இழந்ததற்குத் துப்பாக்கி காரணமில்லை. சுட்ட பிறகு உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து ஓடியதுதான் காரணம்.

பொழுது சாயும் நேரம். எண்பது மீட்டரில் மான், என் பக்கம் சற்றுத் திரும்பி நின்றது. முழுப் பக்கவாட்டில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். போய்விடுமோ என்ற பதற்றத்தில் சுட்டுவிட்டேன். அது துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் புதருக்குள் நுழைந்தது. குண்டு குடலில் பட்டால் மான் அப்படித்தான் கூனும். அப்போது எனக்கு அது தெரியாது. உடனே பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரத்தில் படுத்திருந்த மான், என் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவிட்டது. அதன் பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூடக் கண்ணில் படவில்லை. மறுநாள் மதியம் கண்டுபிடித்தபோது இறைச்சி கெட்டுப் போயிருந்தது. அது எவ்வளவு நேரம் வலியில் கிடந்ததோ என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அதனால் சொல்கிறேன்: சுட்டதும் அசையாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் ஏதாவது மரம், பாறை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போய் ரத்தத்தைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். மான் பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையாகக் கசிவும் சாண நாற்றமும் இருந்தால் குடல்தான். சத்தமில்லாமல் திரும்பிவிட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்து வாருங்கள். வெயில் காலத்தில் இறைச்சி கெடும் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் துரத்தினால் மானே கிடைக்காது.

குறி எங்கே என்றால், பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அந்த இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் சுட வேண்டாம்.

மறுமொழி

என் தவறு காற்று. மூன்று வாரம் போய் ஓடுகிற மானின் வாலை மட்டும்தான் பார்த்தேன். உடுப்பு, அசைவு எல்லாவற்றிலும் கவனமாக இருந்தேன். என் வாசனை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததை யோசிக்கவே இல்லை. இப்போது ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்க்காமல் அடி எடுத்து வைப்பதில்லை. மலைச்சரிவில் இன்னொன்றும் உண்டு: விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், வெயில் ஏறினால் மேலே எழும், மாலையில் மறுபடி இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குத் தவறாகிவிடும்.

மறுமொழி

நான் சுடாமல் விட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். மேட்டின் உச்சியில் காட்டுப்பன்றி. பின்னால் வெறும் வானம். விரல் விசைக்குப் போய்விட்டது. பயிற்சி வகுப்பில், "குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது ஞாபகம் வந்து விரலை எடுத்தேன். பன்றி இறங்கிப் போன சில நிமிடங்களில் அதே உச்சியில் ஒரு மனிதர் தலை தெரிந்தது. அன்று முழுக்க என் கை நடுக்கம் நிற்கவில்லை. சின்னது என்று நினைக்கும் .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடுவேன்.

ஆரஞ்சு உடுப்பு போட்டால் மான் பார்த்துவிடும் என்று பயந்து தவிர்க்காதீர்கள். நமக்குத் தெரிவதுபோல அந்த நிறம் மானுக்குப் பளிச்சென்று தெரியாது. மற்ற வேட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுமொழி

பரணில் ஏறுகிறவர்களுக்கு: தோட்டா போட்ட துப்பாக்கியோடு ஏறவே கூடாது. காலி செய்து, கயிற்றில் கட்டி, மேலே போன பிறகு இழுங்கள். பாதுகாப்புப் பட்டையை மேலே போய் மாட்டினால் போதாது, தரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். நான் வழுக்கியது கடைசிப் படியில், இறங்கும்போது. பட்டையைக் கழற்றியிருந்தேன். கணுக்கால் எலும்பு முறிந்தது.

முதலில் எழுதியவர்

எங்கிருந்து தொடங்குவது என்று தனியாகக் கேட்ட புதியவருக்கு: உரிமமும் பருவமும் உங்கள் பகுதிச் சட்டத்தில் எப்படி என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். முதல் பருவத்தில் துப்பாக்கி இல்லாமல், தொலைநோக்கியோடு அனுபவசாலி ஒருவர் பின்னால் போங்கள். சுடும் களத்தில் மேசையில் சாய்ந்து மட்டும் பழகாதீர்கள். உட்கார்ந்தும் முழங்கால் ஊன்றியும், ஓடி வந்து மூச்சு வாங்கும்போதும் சுட்டுப் பாருங்கள். அப்படிச் சுட்டு எந்தத் தூரம்வரை ஒரு தட்டின் அளவுக்குள் எல்லாத் தோட்டாவும் விழுகிறதோ, காட்டில் உங்கள் எல்லை அவ்வளவுதான்.