பாலைவனப் பூங்காவில் எடுத்த படமெல்லாம் மங்கல், லென்ஸ் போச்சா? அவசர உதவி தேவை

பாலை_பயணி:
வணக்கம். மச்சானும் நானும் ஜெய்சல்மர் வந்திருக்கிறோம். இன்று பாலைவனத் தேசியப் பூங்காவில் சுதாசரி பக்கம் சுற்றினோம். கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்னும் அரிய பறவை) கிடைத்தது! ஆனால் ஒரு படம்கூட ஷார்ப்பாக இல்லை. இறகெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருக்கிறது. ஃபோகஸ் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடியது. லென்ஸ் புதுசு, ரயிலில் அடிபட்டிருக்குமோ? நாளை மறுபடி போகிறோம். இங்கே யாரிடம் காட்டலாம்?

குருவி_கோபி:
எந்த லென்ஸ்? ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு? ஒரு படமாவது போடுங்கள். எதுவும் தெரியாமல் என்ன சொல்வது?

தாமிரபரணி:
லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி மாட்டியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றுங்கள். மலிவான ஃபில்டரை டெலி லென்ஸில் போட்டால் படம் இப்படித்தான் குழையும்.

மூத்த_லென்ஸ்:
தம்பி, பெரிய லென்ஸ் வாங்கிவிட்டால் பறவைப் படம் வந்துவிடாது. மாடியில் நின்று காக்கையை எடுத்துப் பழகிவிட்டுப் பாலைவனம் போயிருக்கலாம். இது பேக் ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் பறவைக்குப் பின்னால் விழுகிறது. பாடிக்கும் லென்ஸுக்கும் ஃபைன் ட்யூன் செய்து அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டவேண்டும். பழைய இழைகளில் எல்லாம் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

பாலை_பயணி:
150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடி. ஷட்டர் 1/2000. ஃபில்டர் இல்லை.

வல்லூறு:
மிரர்லெஸ் என்றால் ஃபைன் ட்யூன் பெரும்பாலும் தேவைப்படாது. சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கிறது, மூத்தவரே.
பயணி, மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது? மச்சான் கேமராவில் எப்படி வந்திருக்கிறது?

பாலை_பயணி:
பதினொன்றரை மணி இருக்கும். 300 மீட்டருக்கு மேல். மச்சானுடையது வேறு கம்பெனி, 100-400. அவர் படமும் இதே கதைதான். காலையில் பக்கத்தில் நின்ற சிங்காரா மான் மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக வந்திருக்கிறது.

வல்லூறு:
அப்படியானால் நிம்மதியாகத் தூங்குங்கள். இரண்டு கம்பெனி லென்ஸ் ஒரே மணிக்கு ஒரே மாதிரி கெடாது. இது கானல்.

மூத்த_லென்ஸ்:
கானல் கோடையில் வருவது. இந்தக் குளிரில் ஏது?

வல்லூறு:
குளிரிலும் வரும். காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் பட்ட மணல் சூடாகிவிடுகிறது. மணலை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும், குளிர்ந்த காற்றோடு கலக்கும். சூடும் குளிரும் கலந்த காற்றில் ஒளி நேராக வராது, ஒவ்வொரு நொடியும் வேறு பக்கம் வளையும். பறவையோ தரையில் நடப்பது. அந்த 300 மீட்டரும் இந்தக் காற்றுக்குள்தான் பார்க்கிறீர்கள். விளிம்பே ஆடும்போது ஃபோகஸ் எதைப் பிடிக்கும்? ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் வளைந்து வந்த ஒளி நேராகாது.
நாளை வெயில் ஏறுமுன் எடுத்து முடியுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பானட்டுக்கு மேலாக எடுக்காமல் பக்கவாட்டில் எடுங்கள். வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். உருவம் நெளிந்தால் கானல் வந்துவிட்டது. அப்புறம் வைட் லென்ஸை மாட்டி சேவண் என்ற பாலைவனப் புல் வளர்ந்த வெளியை எடுங்கள், அதுவும் அருமையான இடம். மணல் தூசி புகாதபடி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே, கேமரா வாயைக் கீழே பார்க்கவைத்து லென்ஸ் மாற்றவேண்டும்.

மதுரை_ஜூம்:
இவ்வளவு எதற்கு? டிரைவரிடம் சொன்னால் தடத்தை விட்டு இறக்கிக் கிட்டே கொண்டுபோவார்.

புல்வெளி_நேசன்:
தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். கானமயில் வெறும் தரையில் முட்டையிடுவது, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு முட்டை நசுங்கினால்கூட அது பெரிய இழப்பு.

மதுரை_ஜூம்:
ஜீப்பா அழிக்கிறது? மின்கம்பிதான். 15 கிலோ வரை கனக்கும் பறவை, நேர் எதிரே பார்வை குறைவு, கம்பியைக் கண்டு சட்டென்று விலக முடியாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

புல்வெளி_நேசன்:
பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். கம்பி பெரிய எமன் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்காகப் புல்வெளியில் ஜீப்பை ஏற்றலாமா? கம்பியை நீங்களும் நானும் இன்றைக்கே அகற்ற முடியாது, டிரைவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

தாமிரபரணி:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள். பயணி, லென்ஸை ஒருமுறை சோதித்துவிடுங்கள். 10, 15 மீட்டர் தள்ளி செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து எடுங்கள்.

பாலை_பயணி:
ஹோட்டல் வராந்தாவில் எடுத்துப் பார்த்தோம். இரண்டு லென்ஸிலும் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. விடியுமுன் கிளம்புகிறோம், தடத்திலேயேதான் போவோம். வல்லூறு அண்ணனுக்கும் எல்லோருக்கும் நன்றி.

குருவி_கோபி:
திரும்பியதும் காலைப் படம் ஒன்று, மதியப் படம் ஒன்று போடுங்கள். அடுத்து இதே கேள்வியோடு வருகிறவருக்கு உதவும்.