லீஃப் ப்ளோயர் வாங்கித் தொலைச்சுட்டேன், இதை வெச்சு என்னதான் பண்றது?

புதுக்குடித்தனம்:
வணக்கம் மக்களே. டொரான்டோ வந்து மூணு மாசம் ஆகுது. பின்பக்கம் மேப்பிள் இலை கணுக்கால் உயரத்துக்குக் கெடந்துச்சு, பயந்துபோய் இலையைக் காத்தால ஊதித் தள்ளுற ப்ளோயர் மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன், டேக்ஸோட 280 டாலர். மறுநாளே மழை. இலையெல்லாம் நனைஞ்ச அப்பளம் மாதிரி தரையோட ஒட்டிக்கிச்சு, ஊதுனா அசையவே மாட்டேங்குது. பொட்டியைக் கிழிச்சுட்டேன், கடைல திருப்பி எடுக்கல. வீட்டுல ரெண்டு நாளா பேச்சில்ல, பேசுனா "தொடப்பம் ஏழு டாலர்"ங்கிறதோட முடிஞ்சிருது. இப்ப வியாழக்கிழமை ஸ்னோவாம், எங்கிட்ட பனி அள்ளுற ஷவல் கூட இல்ல. இதை வெச்சே சமாளிக்கலாமா? வேற எதுக்காச்சும் ஆகும்னாலும் சொல்லுங்க, வீட்டுல காட்டணும். அவசரம்.

பழைய ஆள்:
தம்பி, ப்ளோயரை விடுங்கோ, முதல்ல பூட்ஸ் வாங்கினீங்களோ? நான் 91இல நவம்பர் மாசம் வந்து இறங்கினனான், காலில பாட்டா செருப்பு. ஒரு பேஸ்மென்டில ஏழு பேர், இரவு ரெஸ்டோரன்டில கோப்பை கழுவுறது, விடிய பேப்பர் போடுறது, ரெண்டு பேருக்கு ஒரு ஜக்கெற், ஆர் வேலைக்குப் போறானோ அவன் போட்டுக்கொண்டு போவான். உங்களுக்கு இலை அள்ளுறதுக்கு மெஷினோ? ரேக்கால வாரி பேப்பர் பையில போட்டு ரோட்டோரம் வையுங்கோ. பிளாஸ்டிக் பையில கட்டினா எடுக்க மாட்டாங்கள்.

புதுக்குடித்தனம்:
பூட்ஸ் இருக்குண்ணா. ஸ்னோவை ஊதலாமா?

பிராம்ப்டன் மச்சான்:
ஸ்னோ கெடக்கட்டும் ப்ரோ, இதோட பெஸ்ட் யூஸ் ட்ரையர் வென்ட்தான், அதான் துணி காய வைக்கிற மெஷின்ல இருந்து சூடான காத்து வெளிய போற பைப். துணி காய ரெண்டு ரவுண்டு ஆகுதுன்னா பைப்புல பஞ்சு அடைச்சிருக்குன்னு அர்த்தம், அது சூடாகித் தீப்பிடிக்கும், இங்க எல்லாம் மரவீடு வேற. ட்ரையரை முன்னால இழுத்து, பின்னாடி பைப்பைக் கழட்டி, ப்ளோயர் வாயை அதுல சொருகி, இடுக்குல பழைய துண்டைச் சுத்திட்டு ஒரு நிமிஷம் ஊதுங்க. வெளிய இருக்கிற மூடி நல்லா திறக்குதான்னு முன்னாடியே பாத்துக்கணும், வலை இருந்தா கழட்டணும். எங்க வீட்டுல சாம்பக் கலர் பூனை ஒண்ணு வெளிய குதிச்ச மாதிரி வந்து விழுந்துச்சு பஞ்சு.

மார்க்கம் அக்கா:
தயவுசெஞ்சு இதைக் கேட்டுப் பண்ணிடாதீங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் எங்கேயோ பாத்துட்டு, வெளியில நின்னு உள்ள பாத்து ஊதுனாரு. லாண்ட்ரி ரூம் முழுக்க பஞ்சு, அன்னைக்குத்தான் மாமியாரோட பட்டுப்புடவையைக் கொடியில போட்டிருந்தேன். சுருங்கி விரியுற அலுமினிய பைப்பா இருந்தா சுவத்துக்குள்ள ஜாயின்டே கழண்டுரும், அப்புறம் பஞ்சும் ஈரமும் சுவத்துக்குள்ளதான். ஆள் வெச்சு பண்ணுங்க.

பிராம்ப்டன் மச்சான்:
அக்கா நான் உள்ள இருந்து வெளியன்னுதானே சொன்னேன், அண்ணன் உல்டாவா பண்ணதுக்கு நான் என்ன பண்றது.

அஜாக்ஸ் வாசி:
நான் ஒண்ணு சொல்லவா, சிரிக்கக் கூடாது. எங்கப்பா மன்னார்குடில இருந்து வந்திருந்தப்போ பின்பக்கம் போட்ட கொத்தமல்லி காஞ்சு விதை பிடிச்சிருந்துச்சு, தட்டி எடுத்துட்டு முறம் எங்கன்னு தேடுனாரு. முறத்துக்கு எங்க போவேன்? ப்ளோயரை இருக்கறதுலயே கம்மி ஸ்பீடுல ஸ்டூல் மேல சாய்ச்சு வெச்சேன், அவரு நாலடி தள்ளி நின்னு தாம்பாளத்துல இருந்து மெல்லச் சரிச்சாரு. விதை நேரா பெட்ஷீட்டுல விழுது, சருகெல்லாம் வேலியைத் தாண்டிப் பறக்குது. "களத்துல காத்துக்காகக் காத்துக் கெடந்த பொழப்பெல்லாம் போச்சுடா"ன்னாரு. ஊருக்குப் போறப்ப இதைப் பெட்டில வைக்க முடியுமான்னு கேட்டாரு.

புதுக்குடித்தனம்:
அருமைங்க, ஆனா எனக்கு ஸ்னோ. அப்புறம் ட்ரையர் மேல ஓனர் வீட்டுலதான் இருக்கு, நாங்க கீழ பேஸ்மென்ட்.

மார்க்கம் அக்கா:
பேஸ்மென்ட்டா?? அப்ப நீங்க எதுக்கு இலை அள்ளுறீங்க?

புதுக்குடித்தனம்:
லீஸ்ல எழுதியிருக்கே, இலையும் ஸ்னோவும் டெனன்ட் பொறுப்புன்னு.

மிசிசாகா கணக்குப்பிள்ளை:
அப்படி எழுதிட்டா மட்டும் செல்லாதுங்க. நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல வெளிப்புறப் பராமரிப்பு ஓனர் தலைல. 2009-லயே இங்க அப்பீல் கோர்ட், பனில வழுக்கி விழுந்த ஒரு டெனன்ட் கேஸ்ல சொல்லிருச்சு, ஸ்னோ அள்ளுறதை டெனன்ட் பண்ணணும்னா அது வாடகை ஒப்பந்தத்துல இருந்து பிரிச்சுப் பாக்கக்கூடிய தனி வேலை ஒப்பந்தமா இருக்கணும்னு. சும்மா ஒரு வரி சேத்தா ஆகாது.

பிராம்ப்டன் மச்சான்:
கோர்ட்டு சொல்லும், வீடு யாரு தருவா. முதல் வாடகை, கடைசி வாடகை, வேலை லெட்டர், கிரெடிட் ஸ்கோர்னு கேப்பானுங்க, வந்து ரெண்டு வாரம் ஆனவனுக்கு ஏதுடா ஸ்கோர்? என்னோட முதல் ஓனர் நம்மாளுதான், ஹீட்டர் தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டு போட்டு வெச்சிருந்தாரு.

பழைய ஆள்:
ஓனர்மாரையும் சும்மா ஏசாதையுங்கோ. மோட்கேஜ் கட்டுறவனுக்குத்தான் தெரியும். என்ர வீட்டில இருந்த பெடியள் கராஜுக்குள்ள பிரியாணி அவிச்சவங்கள்.

அஜாக்ஸ் வாசி:
அதை விடுங்க, பக்கத்து வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு ப்ளோயர் போடுறாரு, அதுக்கு என்ன சட்டம்?

எல்லிஸ்மியர் ரோடு:
அஞ்சு பேர் பதில் போட்டும் அவரு கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. ப்ரோ, பேட்டரியா பெட்ரோலா? டிரைவ்வேல எத்தனை கார் நிக்கும்?

புதுக்குடித்தனம்:
பேட்டரி. ரெண்டு கார். என் பொறுப்புல வர்றது பக்கவாட்டு நடைபாதையும் நம்ம படிக்கட்டும்தான்.

எல்லிஸ்மியர் ரோடு:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். மைனஸ் அஞ்சு, எட்டுல மாவு மாதிரி உதிரியா விழுற ஸ்னோவை ஊதலாம், ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் ஜாலியா போகும், ஆனா அது மேல யாரும் மிதிக்கறதுக்கு முன்னாடி ஊதணும், மிதிச்சுட்டா அமுங்கிப் பிடிச்சுக்கும். ஜீரோ பக்கத்துல விழுற ஈர ஸ்னோ உங்க ஈர இலை கதைதான், அசையாது. ரோட்டுல பனியை ஒதுக்கித் தள்ளுற வண்டி போயிட்டு டிரைவ்வே வாசல்ல ஒரு வரப்பு கட்டிட்டுப் போகும் பாருங்க, அதுக்கு ஷவல் ஒண்ணுதான் வழி, புதன்கிழமைக்குள்ள வாங்கிருங்க. ரோட்டுப் பக்கம் ஊதித் தள்ளாதீங்க. பேட்டரியை ராத்திரி வெளிய வைக்காதீங்க, குளிர்ல சார்ஜ் நிக்காது, ஜீரோவுக்குக் கீழ சார்ஜும் போடக் கூடாது. கார் மேல கெடக்குற பனியை இதுல ஊதிட்டா பிரஷ்ஷால தேய்ச்சு பெயின்ட்ல கோடு விழாது, அதுக்கே நான் 280 குடுப்பேன்.

இலைக்கு ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும், மத்தியானம் மேல காஞ்சப்புறம் காத்து போற திசைலயே ஊதுங்க, எதிர்த்து ஊதுனா உங்க மூஞ்சிலதான். டொரான்டோவுக்குள்ள வார நாள்ல காலை 7, சனி ஞாயிறு 9 மணிக்கு முன்னாடி இலை ஊதக் கூடாது, ராத்திரி 9-க்கு மேலயும் கூடாது. அஜாக்ஸுக்கு வேற ஊர் சட்டம், உங்க டவுன்ல கேளுங்க. கராஜ் கூட்டலாம், ஆனா எலிப்புழுக்கை கெடந்தா ஊதாதீங்க, அந்தத் தூசியை மூச்சுல இழுத்தா நோய் வரும், ப்ளீச் தண்ணி தெளிச்சு ஊறவிட்டுத் துடைக்கணும். ஏணில ஏறி ஒரு கைல ப்ளோயரைப் பிடிச்சுக்கிட்டு கூரையோரத் தண்ணிக் குழாய்ல கெடக்குற இலையை க்ளீன் பண்ற ஐடியா இருந்தா மறந்துருங்க.

புதுக்குடித்தனம்:
நன்றிண்ணா. அப்டேட்: வியாழக்கிழமை காலைல மைனஸ் ஏழு, ரெண்டு விரக்கடை ஸ்னோ. படிக்கட்டும் நடைபாதையும் நாலு நிமிஷத்துல சுத்தம். மேல இருந்து ஓனர் ஜன்னல் வழியா பாத்துட்டு இறங்கி வந்தாரு, திட்டப் போறாருன்னு நெனச்சேன், அவரு கார் மேலயும் ஊதச் சொன்னாரு. வீட்டுல இப்ப பேசுறாங்க, பேட்டரியை ஏன் ரைஸ் குக்கர் பக்கத்துல வெச்சேன்னு. ஷவல் 30 டாலர் ஆச்சு, அதை இன்னும் சொல்லல.