மொட்டை மாடிச் சூட்டைக் குறைக்க என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பெரம்பூரில் எங்கள் வீட்டின் மேல் தளத்தில் அம்மாவின் அறை. மேலே நேராக மொட்டை மாடி, மேற்குச் சுவரிலும் மதியத்துக்கு மேல் முழு வெயில். இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது, ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. பகலில் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்ட வெப்பம் ராத்திரியில்தான் வெளியே வருகிறது. அதனால் விடிய விடிய ஏசி. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடுவது உங்களுக்கும் தெரியும்.

மாடியில் பழைய தட்டோடு இருக்கிறது. அங்கங்கே இணைப்பு விட்டு, மழைக்காலத்தில் ஓதம் தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் பூசக் கூடாது என்பது என் எண்ணம். அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். வெள்ளை கூலிங் பெயின்ட்டுக்குச் செலவு குறைவு, ஆனால் நம் ஊர்த் தூசியில் வெள்ளை மங்கினால் வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனும் குறையும். கூல் டைல்ஸைக் கழுவிவிடலாம், ஆனால் தளத்துக்கு எடை கூடும். தெர்மோகோல் மாதிரியான எக்ஸ்பிஎஸ் பலகையைப் பதித்து மேலே சிமென்ட் போடலாம் என்கிறார் மேஸ்திரி. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், அறை உயரம் ஏற்கெனவே குறைவு.

இதில் எதையாவது செய்து, இரண்டு கோடையாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரிச் சூடு நிஜமாகவே குறைந்ததா? சதுர அடிக்கு எவ்வளவு ஆனது? மேற்குச் சுவருக்கு என்ன செய்தீர்கள்? நம்பகமான ஆள் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அம்மாவுக்கு பிரஷர் வேறு இருக்கிறது, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும்.