வருமானம் சுருங்கினால் அரசு ஊழியர் படியில் கை வைக்கலாமா?

ஓசூர் லேத்: மந்தம் வந்தாலும் அரசு ஊழியர் படிகளைத் தொடக்கூடாது என்ற சங்கங்களின் வாதம் இந்தப் பக்கம் எடுபடாது. 2020 ஊரடங்கில் சின்ன யூனிட்டுகளில் ஷிஃப்ட் ஓடினால்தான் கூலி. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் குறையவில்லை. அகவிலைப்படி 17 சதவீதத்தில் நின்றது, ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத லீவைக் காசாக்குவது, நின்றது, அவ்வளவுதான். மாநில அரசால் நோட்டு அடிக்க முடியாது. வரி வராவிட்டால் வேறெங்கே போகும்?

பாலக்கோடு தக்காளி: அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு என்று கூட்டுவோம் சார். நின்ற தவணைகள் 2020 ஜனவரிக்கு 4 சதவீதம், ஜூலைக்கு 3, 2021 ஜனவரிக்கு 4. ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து மாத இழப்பு 4, 7, 11 சதவீதம்; ஆறாறு மாதமாக 24, 42, 66, ஆக 132. அதாவது 18 மாதத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 1.32 மடங்கு. ஒன்றிய அரசு ஊழியருக்கு இழப்பு அதோடு முடிந்தது, 2021 ஜூலை முதல் 31 சதவீதம் கிடைத்துவிட்டது. நமக்கு அந்த 31 வந்தது 2022 ஜனவரியில். இடையில் ஆறு மாதம் 14 வீதம் 84. மொத்தம் 2.16 மடங்கு. 19,500 வாங்கும் இளநிலை உதவியாளருக்கு, இன்கிரிமென்ட் சேர்க்காமலே, 42,120 ரூபாய். நிலுவையும் இல்லை. விலை ஏறிய பிறகு வருவதுதான் அகவிலைப்படி; அதைப் போனஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓசூர் லேத்: பியூனுக்கும் 2.16, துறை இயக்குநருக்கும் 2.16. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். கீழ்நிலைக்கு விட்டுவிட்டு மேல்நிலைக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சரண்டரில் எனக்கு இரக்கமே இல்லை. எடுக்காத லீவைக் காசாக்குவது சலுகைதானே?

கருவூலக் கணக்கு: சலுகைதான். ஆனால் நிறுத்திய விதத்தைப் பாருங்கள். 27.4.2020 அன்று "ஓராண்டுக்கு" என்றார்கள். பிறகு 31.3.2022 வரை என்றார்கள், அதன்பின் மறு உத்தரவு வரும்வரை. திரும்ப வந்தது 1.10.2025 முதல். ஆண்டுக்கு 15 நாள், ஐந்து முறை போனது. 40,000 அடிப்படைக்கு 17 சதவீதப் படியோடு ஒரு முறைக்கு 23,400, ஐந்துக்கு 1,17,000. அகவிலைப்படியில் இவருக்குப் போனது 86,400. எல்லாரும் படியைப் பற்றியே பேசுகிறோம், பெரிய தொகை இங்கே இருக்கிறது.

ஓசூர் லேத்: அந்த நாள்கள் கணக்கிலேயே இருக்குமே அண்ணே. ஓய்வு பெறும்போது கடைசிச் சம்பளத்தில் காசாகும். அப்படிப் பார்த்தால் லாபம்!

கருவூலக் கணக்கு: 240 நாள் உச்சவரம்புக்குக் கீழே இருந்தபடியே ஓய்வு பெறுபவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆண்டுக்கு 30 நாள் வரவாகும்; லீவே எடுக்காதவர் எட்டு வருடத்தில் 240-ஐத் தொட்டுவிடுவார். பிறகு வரவாகும் நாள் காலாவதி. சரண்டர் செய்தால்தான் இடம் காலியாகும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 17 நாள்தான், அவர் தொட 14 வருடத்துக்கு மேலாகும். ஆக, ஒரே அரசாணையால் ஒருவருக்குப் பணம் தள்ளிப்போகிறது, பக்கத்து மேசைக்காரருக்கு ஒரேயடியாகப் போகிறது.

குரூப் நாலு: நீங்கள் மூவரும் உள்ளே இருப்பவர் கணக்கையே போடுகிறீர்கள். 2020 மேயில் ஓய்வு வயது 58-லிருந்து 59, 2021 பிப்ரவரியில் 60. அந்த இரண்டு வருடம் பணிக்கொடை, விடுப்புப் பணம், வைப்பு நிதி இறுதிக் கணக்கு எல்லாம் தள்ளிப்போயின. அரசுக்கு ரொக்கம் மிச்சம். காலியாக வேண்டிய நாற்காலியும் காலியாகவில்லை. பெரிய ஆலைகள் குறைவான தருமபுரியில் டிஎன்பிஎஸ்சி-யை நம்பி இருப்பவர்கள்தான் மந்தத்தைச் சுமந்தார்கள். அவர்களுக்கு நிலுவை கேட்க சங்கம் ஏது?

பாலக்கோடு தக்காளி: இதற்கு என்னிடம் பதில் இல்லை. வயதை உயர்த்தச் சொல்லி ஊழியர் யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கருவூலக் கணக்கு: வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஆந்திரம். அங்கே 2020-இல் சம்பளத்தின் ஒரு பகுதியையே ஒத்திவைத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 6 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது. கேரளம் மாதம் ஆறு நாள் சம்பளத்தை ஐந்து மாதம் பிடித்துவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தது. ஒத்திவைத்தது கடன், திருப்பித் தர வேண்டும். நம்மூரில் தவணையையே அறிவிக்காமல் விட்டதால் கடனே உருவாகவில்லை. அடுத்த முறை நிறுத்தினால் அரசாணையிலேயே முடிவுத் தேதி இருக்கட்டும், தொகையை வைப்பு நிதியில் வரவு வைக்கட்டும்.

ஓசூர் லேத்: அப்படியென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஒரு சிக்கல்: 1.4.2003 முதல் சேர்ந்தவருக்கு ஜிபிஎஃப் என்ற பொது வைப்பு நிதிக் கணக்கே கிடையாதே?

கருவூலக் கணக்கு: ஆமாம், அவர்களுக்கான சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் போட்டால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. அவர்களுக்கு ரொக்கம்தான், வேண்டுமானால் மூன்று தவணையாக. ஆனால் இப்போது பணியில் இருப்பவர்களில் அவர்களே அதிகம். ரொக்கம் என்று சொன்னதுமே நிதித்துறை மிச்சம் எங்கே என்று கேட்கும்.