வாட்ச் சொல்லும் பயிற்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

காலைஓட்டம்:
வணக்கம். வயது 41. வாரத்தில் 4 நாள் ஓட்டம், 2 நாள் வெயிட் பயிற்சி. வாட்ச் தினமும் தரும் பரிந்துரையில் மூன்று இடங்களில் குழப்பம்.

‘லேசான ஓட்டம், 45 நிமிடம், துடிப்பு 132’ (நிமிடத்துக்கு இதயத் துடிப்பு) என்கிறது. 132-ல் நிற்க வேண்டுமானால் பாதி தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. 150 துடிப்பிலும் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது. அடுத்து, மூன்று வாரமாக ஓட்டத்தின் அளவு கூடியும் ‘பயிற்சியால் பலன் இல்லை’ என்றே காட்டுகிறது. வெயில் ஏறியதும் அதே மூன்று வாரங்களில்தான். கடைசியாக, கனமான ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் கால் பயிற்சி) செய்த மறுநாள் காலையில் இன்டர்வல் (நடுவில் ஓய்வு விட்டு, துண்டு துண்டாக வேகமாக ஓடுவது) ஓடச் சொல்கிறது. கோளாறு வாட்சிலா, அமைப்பிலா?

தடம்பதி:
முதல் கேள்விக்கு மட்டும் பதில். உங்கள் வாட்ச் அதிகபட்சத் துடிப்பை 179 என்று வைத்திருக்கும். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது அது. 132 அதில் 74 சதவீதம், லேசான ஓட்டத்துக்கு வாட்ச்கள் வழக்கமாக எடுக்கும் இடம். ‘208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு’ என்ற புதிய சூத்திரத்துக்கு மாறினாலும் உங்களுக்குப் பயனில்லை. இரண்டு சூத்திரமும் 40 வயதில் ஒரே எண்ணைத் தருகின்றன. ஒரே வயதுக்காரர்களுக்குள் அதிகபட்சத் துடிப்பு 10, 12 கூடுவதும் குறைவதும் சாதாரணம். 150-ல் தடையில்லாமல் பேச முடிகிறது என்றால் உங்கள் உண்மையான எண் 190-ஐ ஒட்டி இருக்கவே வாய்ப்பு.

அளந்து பார்ப்பதுதான் வழி. 15 நிமிடம் வார்ம் அப். பிறகு மிதமான ஏற்றத்தில் 2 முதல் 3 நிமிடம் கடுமையாக மேலே ஓடி, மெதுவாக இறங்கி வாருங்கள். இதை 3 அல்லது 4 தடவை செய்யுங்கள். கடைசி ஏற்றத்தின் கடைசி 30 விநாடி மிச்சம் வைக்காமல் ஓட வேண்டும். அங்கே தெரியும் உச்ச எண்ணை வாட்சில் கையால் பதியுங்கள். இதய நோய், நெஞ்சுவலி, மயக்கம், நீண்ட இடைவெளி இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் இந்தச் சோதனை வேண்டாம்.

பதிந்த பிறகு ‘அதிகபட்சத் துடிப்பைத் தானாகக் கண்டறி’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்சார் ஒரே ஒரு நாள் தவறி 207 என்று காட்டினால், அதையே உச்சமாக எடுத்துக்கொண்டு எல்லா மண்டலங்களையும் (லேசு முதல் கடுமை வரையான துடிப்பு எல்லைகள்) மேலே நகர்த்திவிடும்.

ஏற்றத்துச் சோதனை வேண்டாம் என்றால் சமதளத்தில் 30 நிமிடம், தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கடுமையாக, ஒரே சீராக ஓடுங்கள். 10-வது நிமிடத்தில் லேப் பொத்தானை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடச் சராசரியே உங்கள் த்ரெஷோல்ட் துடிப்பு, அதாவது கடுமையான ஓட்டத்தை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லைத் துடிப்பு. லேசான ஓட்டம் அதில் 89 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். த்ரெஷோல்ட் 172 என்று வந்தால் மேல் எல்லை 153. நீங்கள் பேசிக்கொண்டே ஓடும் 150 அதற்குள் வந்துவிடும்.

பச்சைஒளி:
மேலே சொன்ன சோதனையை மணிக்கட்டு சென்சாரை நம்பிச் செய்யாதீர்கள். அது தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தின் அளவு ஏறி இறங்குவதைப் படிக்கிறது. கை வீச்சும் அதே ஒளியில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். நிமிடத்துக்கு 160 முதல் 180 காலடி வைத்து ஓடும்போது, சென்சார் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்வது உண்டு. ஆப்பில் துடிப்பு வரைபடத்தின் மேல் காலடி வரைபடத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் ஒட்டியே போனாலோ, லேசான ஓட்டத்தின் 3-வது நிமிடத்திலேயே துடிப்பு திடீரென்று 170-க்குத் தாவியிருந்தாலோ இதுதான் நடந்திருக்கிறது. அந்த ஓட்டத்தின் மீது வாட்ச் கட்டும் கணக்கு எல்லாமே வீண்.

வாட்ச் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே இருக்கட்டும். கையை உதறினால் நகரக் கூடாது, ஓட்டம் முடிந்ததும் ஒரு துளை தளர்த்துங்கள். குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் முதல் 10 நிமிட எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலும் தவறும்.

30 விநாடி, 1 நிமிட இன்டர்வலில் இன்னொரு சிக்கல். துடிப்பு ஏறவே நேரம் எடுக்கும், மணிக்கட்டு சென்சார் அதற்கும் பின்னால் வரும். துண்டு முடிந்த பிறகுதான் உச்சம் தெரியும். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டினால் மூன்றாவது துண்டிலேயே தளர்ந்துவிடுவீர்கள். வெயிட் பயிற்சியிலோ கம்பியை இறுகப் பிடிப்பதும் மணிக்கட்டை மடக்குவதும் ஒளிச் சென்சாரைக் கெடுக்கும்.

நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே எடுப்பதால் இந்தத் தொல்லைகள் இல்லை. கட்டும் முன் மின்முனைகளைத் தண்ணீரால் நனையுங்கள். காய்ந்த பட்டையும் தீரப்போகும் பேட்டரியும் தாறுமாறான உச்சங்களைத் தரும்.

கணக்குப்பார்வை:
‘பலன் இல்லை’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாட்ச் உங்கள் ஆக்சிஜன் திறனை அளப்பதில்லை, ஊகிக்கிறது. இந்த வேகத்துக்கு இந்தத் துடிப்பு, அது அதிகபட்சத்தில் இத்தனை சதவீதம், எனவே விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு) இவ்வளவு என்பதுதான் கணக்கின் அடிப்படை. அந்த ஊக எண் இறங்கிக்கொண்டும் பயிற்சிச் சுமை ஏறிக்கொண்டும் இருந்தால் ‘பலன் இல்லை’ என்று வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். அதிகபட்சத் துடிப்பைக் குறைவாகப் பதிந்திருப்பது விஓ2 மேக்ஸ் எண்ணைக் கீழே தள்ளும். ஆனால் அந்தப் பிழை எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் போக்கை அது கெடுப்பதில்லை. போக்கைக் கெடுப்பது நாளுக்கு நாள் மாறும் பிழை. உங்கள் விஷயத்தில் அது வெயில். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒவ்வொரு துடிப்பும் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதே வேகத்துக்குத் துடிப்பு 10 கூடினாலும் வியப்பில்லை. வாட்ச் இதைத் திறன் சரிவு என்று வாசிக்கிறது. கார்மின் போன்ற வாட்ச்களில் 22 டிகிரிக்கு மேல் வெப்பத்துக்குத் திருத்தம் உண்டு. ஆனால் வானிலை விவரம் போனிலிருந்து வருவதால், இணைக்காமல் ஓடினால் அது கிடைக்காது. உடல் வெயிலுக்குப் பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும்.

மணல், கரடுமுரடான பாதை, உயரமான கட்டிடங்களுக்கு இடையே தடுமாறும் ஜிபிஎஸ் எல்லாம் இதே போலக் கணக்கைக் கெடுக்கும். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரப்படும் ஒரு வகை) மருந்து எடுப்பவர்களுக்கு நேர்மாறு. மருந்து துடிப்பை அடக்குவதால் திறன் பொய்யாக உயர்ந்து தெரியும்.

எனவே சொல்லை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே சமதளப் பாதை, அதே குளிர்ந்த நேரம், துடிப்பை 145-ல் பிடித்து 40 நிமிடம் ஓடுங்கள். கிலோமீட்டருக்கு ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள். அது குறைந்து வந்தால் பயிற்சி வேலை செய்கிறது, வாட்ச் என்ன சொன்னாலும்.

இரும்புக்கால்:
ஸ்குவாட் பற்றி. பெரும்பாலான வாட்ச்கள் சுமையைத் துடிப்பிலிருந்து கணக்கிடுகின்றன. 5 செட், 5 முறை, இடையில் 3 நிமிட ஓய்வு என்று செய்தால் சராசரித் துடிப்பு ஏறவே ஏறாது. வாட்சுக்கு அது ஒரு நடை போலத்தான். ஆனால் தசைவலி உச்சத்துக்கு வருவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள். கால் கனத்துக் கிடக்கும்போது இன்டர்வல் சொல்வது இதனால்தான். இதை அமைப்பில் திருத்த முடியாது, வாரத்தை நீங்கள்தான் அடுக்க வேண்டும். இன்டர்வல் காலையில், கனமான கால் பயிற்சி அதே நாள் மாலையில், மறுநாள் லேசான ஓட்டம் அல்லது ஓய்வு. அன்று வாட்ச் எதைச் சொன்னாலும் தள்ளிவிடுங்கள்.

சுமையைக் கையால் எழுத விரும்பினால், நிமிடத்தைக் கடுமையின் மதிப்பெண்ணால் (1 முதல் 10) பெருக்குங்கள். 50 நிமிடம், கடுமை 7 என்றால் 350. ஆப்பிள் வாட்சில் 2024-ல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 முதல் இந்த மதிப்பெண்ணைப் பதியலாம். கடந்த 7 நாளை 28 நாளோடு ஒப்பிட்டுக் காட்டும்.

‘மீட்சி நேரம் 58 மணி’ என்பதைப் படுத்திருக்கச் சொல்வதாக எடுக்க வேண்டாம். அடுத்த கடுமையான பயிற்சி வரைக்குமான கணக்கு அது, நடுவில் லேசாக ஓடலாம். கலோரி எண்ணைப் பார்த்து மட்டும் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் 60 பேரை வைத்து 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் எல்லாவற்றிலும் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது.

காலைஓட்டம்:
மிக்க நன்றி. நெஞ்சுப் பட்டை வரும்வரை கழுத்தில் விரல் வைத்து எண்ணி அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்கலாமா? பரிந்துரையில் இலக்காகத் துடிப்பை வைப்பதா, வேகத்தையா?

தடம்பதி:
விரல் கணக்கு வேண்டாம். நின்ற அடுத்த சில விநாடிகளிலேயே துடிப்பு இறங்கத் தொடங்கும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குவதற்குள் உச்சம் போயிருக்கும், ஒரு துடிப்பு தவறவிட்டாலே 4 குறையும். பட்டை வரும்வரை பேச்சையே அளவாக வையுங்கள்: முழு வாக்கியம் தடையில்லாமல் வந்தால் அது லேசான ஓட்டம்.

லேசான, நீண்ட ஓட்டங்களுக்குத் துடிப்பு இலக்கு. 3 நிமிடத்துக்குக் குறைவான இன்டர்வலுக்கு வேகம் இலக்கு. ஏற்றத்திலும் கடும் வெயிலிலும் வேகத்தை இலக்காக வைக்காதீர்கள், சமதளத்துக்கும் குளிர்ந்த நேரத்துக்கும் சரியான வேகத்தையே வாட்ச் அங்கேயும் கேட்கும். புதிய அதிகபட்சத்தைப் பதிந்தபின் பரிந்துரைகள் நிலைபெற இரண்டு, மூன்று வாரம் கொடுங்கள். முதல் சில நாள் விஓ2 மேக்ஸ் எண் சட்டென்று மேலே தாவும். அது கணக்குத் திருத்தம் மட்டும்தான், அதை வைத்துப் பந்தய வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.