புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு ஸ்டவ்: எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

மேப்பிள்:
அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டப்பட்ட செமி-டிடாச்டு வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. முன்னறையில் பழைய திறந்த கணப்பு ஒன்று இருக்கிறது. அதன் புகைபோக்கி இன்னும் அடைக்கப்படவில்லை. கேஸ் கட்டணம் ஏறியதிலிருந்து, குளிர்கால மாலைகளில் வீடு முழுவதையும் சூடாக்காமல் அந்த ஓர் அறையை மட்டும் விறகு ஸ்டவ்வால் சூடாக்கினால் என்ன என்று யோசித்து வருகிறோம். எங்கள் தெரு, புகைபோக்கியிலிருந்து புகை வரக் கூடாத புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருவதைக் கவுன்சிலின் வரைபடத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். கடையில் 'ஈகோடிசைன்' முத்திரை உள்ள 8 கிலோவாட் ஸ்டவ் ஒன்றைக் காட்டி, இதை எந்தப் பகுதியிலும் தயங்காமல் எரிக்கலாம் என்றார்கள். அறையின் நீளம் 4.5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணப்பாளன்:
கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் புதிய ஸ்டவ் எதுவாயினும் ஈகோடிசைன் என்ற மாசு வரம்புகளுக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த முத்திரை ஒரு தனிச் சிறப்பன்று, விற்பனைக்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க வேண்டுமானால், சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பெற்ற சாதனங்கள் பட்டியலில் அந்த மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒரே தொடரில் 5 கிலோவாட் மாடல் பட்டியலில் இருந்து, 8 கிலோவாட் மாடல் இல்லாமலும் போகலாம். இப்போது உங்களிடம் இருக்கும் திறந்த கணப்பில் விறகு எரிக்க அங்கே அனுமதியே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட புகையற்ற எரிபொருளை மட்டுமே அதில் எரிக்கலாம்.

இரண்டு சோதனைகளும் வெவ்வேறு முறையில் அளக்கின்றன. ஈகோடிசைன், வெளியேறும் வாயுவின் ஒரு கன மீட்டரில் துகள் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. டெஃப்ராவின் கணக்கு மணிக்கு இத்தனை கிராம் என்பது: அடிப்படையாக 5 கிராம், அதற்கு மேல் வெப்பத் திறனின் ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம். 5 கிலோவாட் ஸ்டவ்வுக்கு இது ஏறத்தாழ 6.7 கிராம் ஆகிறது. காற்றைக் குறைத்து மெதுவாக எரிக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் டெஃப்ரா சோதனை பார்க்கிறது என்பதால், நெருக்கமான தெருக்களுக்கு அதுவே பொருத்தமான அளவுகோல் என்பது என் கருத்து. இவற்றுக்கும் மேலே, ஸ்டவ் எவ்வளவு தூய்மையாக எரிகிறது என்பதை மதிப்பிடும் 'கிளியர்ஸ்கைஸ்' என்ற தரவரிசை இருக்கிறது. அதில் 5ஆம் நிலையே உச்சம்.

ஆனால் நீங்கள் முதலில் கைவிட வேண்டியது அந்த 8 கிலோவாட்டைத்தான். உங்கள் அறையின் கன அளவு சுமார் 43 கன மீட்டர். ஸ்டவ் பொருத்தும் எங்கள் தொழிலில் அதை 14ஆல் வகுத்து மேலோட்டமாகக் கணக்கிடுவோம். 3 கிலோவாட்டை ஒட்டி வருகிறது. அந்த அறையில் 8 கிலோவாட் ஸ்டவ்வை முழு வீச்சில் எரித்தால் உள்ளே உட்கார முடியாது. உட்கார முடியாதபோது காற்றை அடைப்பீர்கள். அடைத்தால் விறகு எரியாமல் கனன்று புகையும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியின் உட்சுவரில் தார் படியும். எவ்வளவு உயர்ந்த தரச் சான்று இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. 4 அல்லது 5 கிலோவாட்டுக்கு மேல் போகாதீர்கள். பழைய, காற்றுக் கசிவுள்ள வீடுகளில் 5 கிலோவாட் வரைக்கும் நிரந்தரக் காற்றுத்துளை இட வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

செவிலி:
எதை வாங்குவது என்ற பேச்சு நேராக மாடல் எண்ணுக்குப் போய்விட்டது. வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் பேச வேண்டும். நான் மூச்சுநோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2022 டிசம்பரில் வெளியிட்ட காற்று மாசு குறித்த ஆண்டறிக்கையில் ஓர் ஒப்பீடு இருக்கிறது: அதே அளவு வெப்பத்துக்கு ஈகோடிசைன் ஸ்டவ்கூடக் கேஸ் பாய்லரைவிட ஏறத்தாழ 450 மடங்கு நுண்துகளை வெளியிடுகிறது. அதாவது இன்று கடையில் கிடைக்கும் நல்ல ஸ்டவ்வின் நிலை அது. கணப்பாளன் அண்ணா குறிப்பிட்ட 6.7 கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த அளவுக்கு நீர்த்துப்போக, ஒரு மணி நேரப் புகைக்குப் பதின்மூன்று இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட தூய காற்று வேண்டும். காற்றசையாத குளிர்கால மாலையில், இரு பக்கமும் வீடுகள் நெருங்கிய தெருவில் அது எங்கிருந்து வரும்?

கணப்பாளன்:
அக்கா, கணக்கு சரி; ஒப்பீடுதான் பொருந்தவில்லை. ஆண்டுச் சராசரியை ஒரு மணி நேர வெளியேற்றத்தோடு வைத்துப் பார்க்கிறீர்கள். 6.7 கிராம் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. நல்ல மாடல்கள் அதைவிட வெகு கீழே நிற்கின்றன. கேஸ் பாய்லரிலிருந்து துகள் ஏறத்தாழ வெளிவருவதே இல்லை என்பதால், எதை அதனோடு ஒப்பிட்டாலும் மடங்கு மலைபோலத்தான் தெரியும். நாட்டின் மொத்த பி.எம் 2.5 வெளியேற்றத்தில் வீட்டு எரிப்பின் பங்கு 38 விழுக்காடு என்று சில ஆண்டுகள் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். பிறகு அரசே கணக்கீட்டைத் திருத்தியபோது, 2020ஆம் ஆண்டுக்கான பங்கு 25 விழுக்காடாக இறங்கியது. பழைய ஸ்டவ்களும் ஈர விறகும் திறந்த கணப்புகளும் செய்யும் கேட்டைப் புதிய ஸ்டவ் வாங்குபவரின் தலையில் கட்டக் கூடாது.

செவிலி:
திருத்திய 25 விழுக்காட்டையே ஏற்றுக்கொள்கிறேன். டெஃப்ரா 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி வீட்டுக்குள் விறகோ கரியோ எரிப்பவர்கள் மக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் மட்டுமே. இத்தனை சிலரால் நாட்டின் துகளில் கால் பங்கு என்றால், திருத்தத்தால் உங்கள் வாதம் வலுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் அந்த நகரில் 19 வீடுகளில் அளந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாமே டெஃப்ரா சான்று பெற்ற ஸ்டவ்கள். ஸ்டவ் எரிந்த வேளைகளில் அறைக்காற்றின் துகள் அளவு, எரியாத வேளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. விறகு போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அளவு திடீரென உயர்ந்தது. டெஃப்ரா சான்று புகைபோக்கியின் வாயில் என்ன வருகிறது என்பதைப் பற்றியது. சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைச் சுவாசிக்கிறது என்பதைப் பற்றியதன்று.

சிக்கனம்:
இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் பலர் பழைய ஸ்டவ்வை மலிவாக வாங்கி, கட்டட வேலை நடக்கும் இடங்களில் குப்பைத்தொட்டியில் கிடக்கும் பலகைகளை இலவசமாக எடுத்துவந்து எரிக்கிறார்கள். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கணப்பாளன்:
சிக்கனம் அவர்களே, இந்த ஒரு விஷயத்தில் செவிலி அக்காவும் நானும் ஒரே கட்சி. கட்டடப் பலகையில் பெயின்ட் இருக்கும், பசை இருக்கும். பழைய வேலிக்கட்டைகளிலும் மேடைப்பலகைகளிலும் பூச்சி அரிக்காமலிருக்க ஏற்றிய ஆர்செனிக் கலந்த மருந்தும் இருக்கலாம். அதை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் போகும், நீங்கள் வெறுங்கையால் அள்ளும் சாம்பலிலும் தங்கும். சட்டத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 2022 மே மாதத்திலிருந்து, கட்டுப்பாட்டுப் பகுதியில் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் நீதிமன்றம் போகாமலேயே கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம். எல்லாக் கவுன்சில்களும் அந்த அதிகாரத்தை முனைந்து பயன்படுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விலக்கில்லாத ஸ்டவ்வுக்காக அங்கீகாரமற்ற எரிபொருள் வாங்குவதற்கான அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

1952 டிசம்பரில் ஐந்து நாள் மூடிக்கிடந்த புகைமூட்டம் இந்த லண்டனில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. யாரும் கேட்கவில்லை என்பதை ஒரு வாதமாக வைக்க, ஊர்களிலேயே பொருத்தமற்ற ஊர் இதுதான்.

மேப்பிள்:
8 கிலோவாட் வேண்டாம் என்பது புரிந்தது. இரண்டு சந்தேகங்கள். டெஃப்ரா விலக்குள்ள ஸ்டவ்வுக்கும் சாதாரண ஸ்டவ்வுக்கும் உருவத்தில் என்ன வேறுபாடு? விறகு காய்ந்திருக்கிறதா என்பதை நானே எப்படிச் சோதிப்பது?

கணப்பாளன்:
காற்றுக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பாருங்கள். விலக்குப் பெற்ற பல மாடல்களில், அதை முழுவதும் மூடும் திசையில் தள்ளினாலும் ஒரு சிறு திருகோ உலோகத் தடையோ தகட்டை நிறுத்தி, சில மில்லிமீட்டர் இடைவெளியைத் திறந்தபடியே வைத்திருக்கும். இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும்படி யாரும் காற்றை அடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கடையில் நின்று கைப்பிடியை மூடிவிட்டு, டார்ச் அடித்து அந்த இடைவெளியைக் கண்ணால் பாருங்கள். சிலர் விறகை மிச்சப்படுத்துவதாக எண்ணி அந்தத் திருகைக் கழற்றிவிடுகிறார்கள். அதோடு விலக்குக்கு அடிப்படையான ஏற்பாடே போய்விடுகிறது.

விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகு அந்த அளவுக்குள் இருப்பது இங்கிலாந்தில் கட்டாயம். பையின் மேல் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கும். ஊசி குத்தி ஈரம் பார்க்கும் மீட்டரைக் கட்டையின் வெட்டுமுனையில் குத்தாதீர்கள். முனை முதலில் காய்ந்துவிடும். அங்கே 14 என்று காட்டும் கட்டையையே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்தினால் 26 என்று காட்டக்கூடும். அந்த நடு எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அக்கா சொன்ன ஷெஃபீல்டு முடிவுகளை நான் மறுக்கவில்லை. அந்த உயர்வு பெரும்பாலும் கதவைத் திறக்கும் விதத்தால் வருவது. சுடர் அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போது, காற்றை முழுவதும் திறந்துவிட்டு, கதவை முதலில் விரலளவு திறந்து சற்று நிறுத்தி, பிறகு மெல்ல விரித்து ஒரே ஒரு கட்டையை வைத்து மூடினால் புகை அறைக்குள் வருவது வெகுவாகக் குறையும்.

செவிலி:
ஆக, ஸ்டவ் நல்லது என்பதற்கு நீங்கள் வைக்கும் சான்று, அதைக் கையாள்பவர் ஒவ்வொரு மாலையும் உங்களைப் போன்ற ஒரு தொழிலாளியாக இருப்பார் என்ற நம்பிக்கைதான். களைத்து வீடு திரும்பும் மனிதர் கதவைப் படக்கென்று திறந்து மூன்று கட்டைகளைத் திணிப்பார்.

மேப்பிள் தம்பி, நீங்கள் தொடங்கியது கேஸ் கட்டணத்திலிருந்து. அதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட்மணி வெப்பம் இருக்கிறது. ஸ்டவ்வின் திறன் போக அறைக்குக் கிடைப்பது 3 கிலோவாட்மணி. பையின் விலையை எடையால் வகுத்து, வருவதை மீண்டும் 3ஆல் வகுத்து, உங்கள் கேஸ் பில்லில் உள்ள ஓர் அலகின் (ஒரு கிலோவாட்மணியின்) விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேஸ் அலகு 7 பென்ஸ் என்றால், விறகு கிலோ 21 பென்ஸுக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் நிலையத்தில் வலைப்பையில் கட்டி விற்கும் விறகு அந்த விலைக்குக் கிடைக்கிறதா?

கணப்பாளன்:
கிடைக்காது. மொத்தமாக வாங்கி, கொட்டகையில் அடுக்கிக் காயவைக்க இடம் உள்ளவர்களுக்கே விறகு கட்டுப்படியாகும். பணத்தை மிச்சப்படுத்த மட்டும் என்றால் நானும் ஸ்டவ்வைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, வெப்பம் வெளியேறாமலிருக்கக் கூரைக்கடியில் கம்பளிப் பஞ்சு போடுவது மேல். தீயின் அருகே உட்காரும் சுகத்துக்கும், மின்சாரம் போன இரவுக்கும் என்றால் அது வேறு கணக்கு.

மேப்பிள்:
வாடிக்கையாளரை இழக்கும் பதிலை எழுதியதற்கு நன்றி அண்ணா. கொட்டகை இருக்கிறது, ஆனால் சிறியது. இன்னொன்று: எங்கள் புகைபோக்கித் தூணும் பக்கத்து வீட்டின் தூணும் கூரைமேல் ஒன்றாகவே எழும்புகின்றன. அதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

கணப்பாளன்:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கால வீடுகளில் இரண்டு குடும்பங்களின் புகைவழிகளையும் ஒரு செங்கல் கனம்கூட இல்லாத நடுச்சுவர்தான் பல இடங்களில் பிரிக்கிறது. உள்ளே சாந்து உதிர்ந்திருந்தால் உங்கள் புகை அவர்கள் வீட்டுப் படுக்கையறைக்குள் கசியும்; புகையோடு கார்பன் மோனாக்சைடும் போகும். ஆகவே ஸ்டவ் வாங்குவதற்கு முன் புகைபோக்கியைத் துடைத்துப் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சோதனையில் தேறினாலும், மேலிருந்து கீழ்வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குவது நல்லது. ஸ்டவ் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான ஹெட்டாஸில் பதிவுபெற்றவர் பொருத்தினால் சான்றிதழை அவரே பதிவுசெய்வார். மற்றவர் பொருத்தினால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிறகு வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் அந்தத் தாளைக் கேட்பார்.

செவிலி:
அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட சுற்றுச்சூழல் திட்டத்தில், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய ஸ்டவ்களுக்கான அடிப்படை வரம்பை மணிக்கு 5 கிராமிலிருந்து 3 கிராமாகக் குறைக்கும் நோக்கத்தை அறிவித்ததையும் மனத்தில் வையுங்கள். விதி இறுகும் திசையில்தான் போகிறது. வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஸ்டவ், எஃகுக் குழாய், கூலி எல்லாவற்றையும் கூட்டிய தொகையோடு அதற்கும் ஒரு விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து வீடுகள் உள்ள தெருவில் வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

மேப்பிள்:
கடைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. முதலில் புகைச் சோதனை. பக்கத்து வீட்டுப் பக்கம் சிறிது கசிந்தாலும் இந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுகிறோம். கசியாவிட்டால், கிளியர்ஸ்கைஸ் 5ஆம் நிலையில், டெஃப்ரா பட்டியலிலும் உள்ள 4 கிலோவாட் மாடல்கள் இரண்டின் விலையையும் ஹீட் பம்ப் விலையையும் கொண்டுவந்து இங்கேயே போடுகிறேன்.

செவிலி:
சோதனை நடக்கும்போது ஒருவர் பக்கத்து வீட்டுக்குள்ளும் மாடிவரை போய்ப் பார்த்தாக வேண்டும். அந்த அனுமதியைக் கேட்கப் போகும்போதே, எதற்காக என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் யாரேனும் இருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.